கபுஷிமா நாட்குறிப்பு: கடற்காகத்தின் வீடும் அடுப்படியும்

வெள்ளி இரவு

ஹச்சினோஹே வந்து சேர்ந்துவிட்டோம். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவுதான். ஏறும்போது வியர்த்துக்கொட்டியது. இறங்கியதும் பையில் ஜாக்கெட்டைத் தேட வேண்டியிருந்தது. ஜூன் பிறந்துவிட்டது என்றாலும் அவோமோரி மாகாணத்தின் இந்தப் பசிபிக் கரைக்கு அந்தச் சேதி எட்டவில்லை.

வந்த காரியம் கபுஷிமா. ஊர் ஓரத்தில் கடலை ஒட்டி நிற்கும் சின்னக் குன்று. உயரம் 20 மீட்டருக்குள்தான், பரப்பு இரண்டு ஹெக்டேர்கூடத் தேறாது. அதன்மேல் வசந்தம் தொடங்கியதிலிருந்து ஆகஸ்ட் வரை 30,000-க்கும் மேற்பட்ட கருவால் கடற்காகங்கள் குடித்தனம் நடத்துகின்றன. 1922-லேயே ஜப்பானிய அரசு இந்த இடத்தை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டது.

இதற்காக இவ்வளவு தூரமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. நம் ஊர்க் கரையில் கடற்காகம் குளிர்கால விருந்தாளி. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் கூட்டம் கூட்டமாகப் பார்க்கும் பழுப்புத்தலைக் கடற்காகம், வெயில் ஏறியதும் லடாக், திபெத் பக்கத்து ஏரிகளுக்குக் கிளம்பிவிடும். கூடு, முட்டை, குஞ்சு எல்லாம் அங்கேதான். அதாவது, நாம் அந்தப் பறவை சாப்பிடுவதை மட்டும்தான் பார்த்திருக்கிறோம். அதன் குடும்ப வாழ்க்கை நம் கண்ணில் பட்டதே இல்லை.

கூட வந்திருப்பவன் அலுவலகத் தம்பி ஒருவன், தூத்துக்குடிக்காரன். அப்பா விசைப்படகில் போனவர். பறவையில் அவனுக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. ஹச்சினோஹே கணவாய்க்கும் அயிலைக்கும் பேர்போன ஊர் என்று சொன்னதும் உடனே டிக்கெட் போட்டுவிட்டான்.

ரயில் ஊரை நெருங்கும்போது இரண்டு பக்கமும் நாற்று நட்டு முடித்த வயல். தண்ணீர் இன்னும் தெளியவில்லை. வரப்போரம் வெள்ளையாக நாலைந்து பறவைகள் நின்றன. கொக்கு என்றுதான் தம்பி சொன்னான். ஒன்று எழுந்து பறந்தபோது வாலில் அகலமான கறுப்புப் பட்டை தெரிந்தது. கடல் பறவைக்கு வயலில் என்ன வேலை? மண்புழு. நடவுக் காலத்தில் வயலைக் கிளறித் தண்ணீர் விட்டதும் மேலே வரும் புழு, பூச்சி எல்லாவற்றையும் இவை பொறுக்கித் தின்னும். ஆய்வாளர்கள் கபுஷிமாப் பறவைகளின் முதுகில் சிறு ஜிபிஎஸ் கருவிகளைக் கட்டி அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். திறந்த கடல், மீன்பிடித் துறைமுகம், நெல் வயல் மூன்றுக்கும் போய்வந்தது பதிவாகியிருக்கிறது.

நாளைக்குக் குன்று.

சனி

ஹச்சினோஹேயிலிருந்து கடற்கரை ரயிலில் சாமே என்ற நிலையம். வாசலிலேயே வாயைப் பிளந்த சுறாத் தலை ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு நடந்தால் கால் மணி நேரத்தில் கபுஷிமா. இப்போது நடந்தே போகலாம். ஒரு காலத்தில் இது தனித் தீவாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படைக்காகக் கடலைத் தூர்த்துக் கரையோடு சேர்த்துவிட்டார்கள்.

குன்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. அப்புறம் வாடை. சத்தம் அசல் பூனைதான். ஆயிரக்கணக்கான பூனைகள் ஒரே நேரத்தில் பால் கேட்டால் எப்படியிருக்கும், அப்படி. ஜப்பானியர்கள் இதற்குக் கடல்பூனை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வாடையை நம் ஊர்க் கருவாட்டுக் களத்தில் வளர்ந்தவர்கள் தாங்கிவிடுவார்கள். தம்பி மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

அடிவாரத்தில் குடை வைத்திருக்கிறார்கள். மழைக்கு இல்லை, எச்சத்துக்கு. தலையிலோ துணியிலோ விழுந்துவிட்டால் அதிர்ஷ்டம் என்று ஒரு சான்றிதழும் கொடுக்கிறார்கள். நான் குடையை விரித்துக்கொண்டேன். தம்பி, "சான்றிதழ் குடுக்கான்னா நனைஞ்சிருவோம் அண்ணே" என்று தொப்பியோடு மட்டும் ஏறினான். பத்துப் படிகூட ஆகவில்லை, தோளில் வாங்கிக்கொண்டான்.

உச்சியில் கோயில். பென்சைட்டென் என்ற தெய்வத்தோடு சேர்த்து வழிபடும் இடம். பென்சைட்டென் வேறு யாருமில்லை, பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் வந்த நம் சரஸ்வதிதான். வீணைக்குப் பதில் பீவா என்ற நரம்புக் கருவி கையில் இருக்கும். நதித் தெய்வமாகக் கிளம்பியவள் இங்கே நீருக்கும் கடலுக்கும் மீனவருக்கும் காவல். கடற்காகம் அவளுடைய தூதன். அதனால்தான் இத்தனை தலைமுறையாக இதன் முட்டையை யாரும் தொடவில்லை என்கிறார்கள். பழைய கோயில் 2015 நவம்பரில் தீப்பிடித்து எரிந்துபோனது. இப்போது இருப்பது 2020-ல் திறந்த புதுக் கட்டடம். 2011 மார்ச் சுனாமி குன்றின் கீழ்ப்பகுதியை அடித்துவிட்டுப் போனது. பறவைகள் அந்த வருஷத்துக்கு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. ஆனாலும் அந்த ஆண்டும் இங்கேயே முட்டையிட்டன.

சரி, பறவைக்கு வருகிறேன்.

படியின் இரண்டு பக்கமும் கூடுகள். வேலி இருக்கிறது, ஆனால் வேலிக்கு அந்தப்பக்கம் கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் பறவை உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் அலகு, நுனியில் முதலில் கறுப்பு வளையம், அதற்கு முன்னால் சிவப்பு. கண் வெளிறிய மஞ்சள், சுற்றி மையிட்டதுபோல் சிவப்புக் கோடு. முகத்தைப் பார்த்தால் எப்போதும் கோபமாக இருக்கிற மாதிரித் தோன்றும். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. தரையில் சின்னப் பள்ளம், காய்ந்த புல் கொஞ்சம். முட்டை இரண்டு அல்லது மூன்று, பழுப்பு ஓலை நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்டது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். 25 நாள் போலப் பிடிக்கும்.

ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை. எல்லை எப்படித் தெரியும் என்று நின்று பார்த்தால், உட்கார்ந்த இடத்திலிருந்து அலகு எட்டும் தூரம்தான் எல்லை. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கால் வைத்தால் கழுத்தை நீட்டி ஒரு கத்தல், அடங்கவில்லை என்றால் சிறகைப் பிடித்து இழுப்பு. நான் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பறவைகள் ஒன்றையொன்று முறைத்தபடி புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி எறிந்தன. சண்டை போடவும் மனமில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை என்ற நிலையில் கடற்காகம் புல்லைத்தான் பிடுங்கும். ஆத்திரத்தைப் புல்லின்மேல் காட்டுகிறது.

பெரும்பாலான கூடுகளில் குஞ்சு பொரித்துவிட்டது. தாமதமாக வந்த சில ஜோடிகள் மட்டும் இன்னும் முட்டைமேல். ஒரு கூட்டில் அன்றைக்கே பொரித்த குஞ்சு ஒன்று, இறகு இன்னும் ஈரமாக ஒட்டிக்கிடந்தது. உடைந்த ஓடு பக்கத்திலேயே. கொஞ்ச நேரம் கழித்துத் தாயோ தகப்பனோ (இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான்) ஓட்டை அலகில் கவ்விக்கொண்டு பறந்துபோய்க் கடல் பக்கம் போட்டுவிட்டு வந்தது.

இதைப் பற்றி நிக்கோ டின்பெர்கன் என்ற டச்சு விஞ்ஞானி இங்கிலாந்தில் கருந்தலைக் கடற்காகங்களை வைத்துச் செய்த சோதனை பிரசித்தம். ஓட்டின் உள்பக்கம் வெள்ளை. அது பளிச்சென்று தெரிந்தால் காகத்துக்கு (கடற்காகம் இல்லை, நிஜக் காகம்) கூடு இருக்கும் இடம் தெரிந்துவிடும். அப்படியானால் பொரித்த உடனே தூக்கிப் போட வேண்டியதுதானே? போடுவதில்லை, குஞ்சு காயும் வரை காத்திருக்கும். ஏனென்றால் ஈரக் குஞ்சை விழுங்குவது எளிது, அதை விழுங்கக் காத்திருப்பது பக்கத்துக் கூட்டுக்காரரேதான். காய்ந்து இறகு உப்பிவிட்டால் தொண்டையில் இறங்காது. காகத்துக்குப் பயந்து ஓட்டை எடுத்துப்போனால் அயலாரிடம் குஞ்சு போய்விடும். அயலாருக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் காகம் வரும். எப்போது எழுந்திருப்பது என்பதுதான் விஷயம்.

மதியத்துக்கு மேல் கோயிலுக்குப் பின்னால் ஒரே கூட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். மூன்று குஞ்சுகள், பிறந்து ஒரு வாரம் இருக்கலாம். சாம்பல் பஞ்சில் கறுப்புப் புள்ளி. பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, மூன்றாவது நோஞ்சான். கடற்காக இனங்களில் கடைசி முட்டை பெரும்பாலும் சிறியது, பொரிப்பதும் கடைசி. கடலில் மீன் நிறைய இருந்தால் மூன்றும் பிழைக்கும், இல்லாவிட்டால் முதலில் போவது அதுதான்.

வெளியே போயிருந்த பறவை வந்து இறங்கியது. உட்கார்ந்திருந்தது எழுந்து வழிவிட்டது. இரண்டும் தலையை உயர்த்தி ஒரு நீளக் கத்தல். அதற்குள் குஞ்சுகள் ஓடிவந்து வந்தவரின் அலகு நுனியைக் கொத்த ஆரம்பித்துவிட்டன. சரியாக அந்தச் சிவப்பில். பெற்றவர் கழுத்தை வளைத்து, தொண்டை ஒருமுறை ஏறி இறங்கி, தரையில் ஒரு உருண்டையைக் கக்கியது. பாதி கரைந்த மீன். பெரிய குஞ்சு ஒரு துண்டைப் பிடித்து விழுங்கத் திணறியது. வால் வாய்க்கு வெளியே நிற்க, கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி ஒருவழியாக உள்ளே தள்ளியது. நோஞ்சானுக்குக் கிடைத்தது தரையில் ஒட்டியிருந்த மிச்சம். மீந்ததைப் பெற்றவரே மறுபடி விழுங்கிவிட்டது. எதுவும் வீணாகவில்லை.

டின்பெர்கன் இதற்கும் சோதனை வைத்திருந்தார். அட்டையில் கடற்காகத் தலை செய்து குஞ்சுகளிடம் நீட்டினார். சிவப்புப் புள்ளி இல்லாத அலகைக் குஞ்சுகள் குறைவாகவே கொத்தின. கடைசியில் தலையே இல்லாத மெல்லிய சிவப்புக் குச்சி ஒன்றில் வெள்ளை வளையம் போட்டு நீட்டினார், நிஜத் தலையைவிட அதற்கே அதிகக் கொத்து விழுந்தது. இந்த மாதிரி வேலைகளுக்காக 1973-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

தம்பி கேட்டான்: "அப்ப குஞ்சுக்கு அம்மா மூஞ்சியே தெரியாதா அண்ணே?"

முதலில் தெரியாது. பெற்றவர்களுக்கும் முதல் சில நாள் தன் குஞ்சு எது என்று அடையாளம் தெரியாது, கூட்டுக்குள் இருப்பது என் பிள்ளை என்ற கணக்குதான். குஞ்சு நடமாடத் தொடங்கும் வாக்கில் குரல் பழகிவிடும். அதன்பிறகு வழிதவறி அடுத்த வீட்டுக்குப் போன குஞ்சுக்குக் கொத்துதான். மண்டையில் கொத்துப்பட்டுச் செத்த குஞ்சுகள் புல்லுக்குள் அங்கங்கே கிடக்கின்றன. படம் எடுக்க வந்தவர்கள் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை.

ஞாயிறு

விடியற்காலையில் எழுந்து தத்தேஹானா துறைச் சந்தைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கும், மார்ச் நடுவிலிருந்து டிசம்பர் வரை. கப்பல் துறையின் நீளத்துக்கும் 300-க்கு மேல் கடைகள், ஒன்பது மணிக்கெல்லாம் மூட்டை கட்டிவிடுகிறார்கள். செம்பேய்ஜிரு என்ற சூப்பில் கோதுமை அப்பளத்தை முறித்துப் போட்டுக் கொதிக்கவிட்டுத் தருகிறார்கள். அந்தக் குளிருக்கு அமிர்தம். தம்பி சுட்ட கணவாய் வாங்கினான், திரும்பவும் வாங்கினான். அதோடு அவன் பயணம் சாபல்யம்.

எனக்கு இங்கே வேறு வேலை. நேற்றுக் கக்கியதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். குன்று வீடு என்றால் இந்தத் துறைமுகம்தான் அடுப்படி.

வலை உதறும் படகு ஒன்றைச் சுற்றி நூறு பறவையாவது இருக்கும். வலைக் கண்ணில் மாட்டிய சின்ன மீன் தண்ணீரில் விழுந்ததும் முதலில் எட்டும் பறவைக்கு அது கிடைப்பதில்லை. அது எடுத்தால் பின்னால் வருவது துரத்தும், கக்கவைத்துப் பிடுங்கும். ஹொக்கைடோ பக்கத்தில் தெயூரி என்று ஒரு தீவு உண்டு. அங்கே காண்டாமிருக ஆக்லெட் என்ற கடற்பறவை தன் குஞ்சுக்காக அலகு நிறைய மீன் கொண்டு அந்தி நேரத்தில் வளைக்குத் திரும்பும். இதே கருவால் கடற்காகங்கள் கரையில் காத்திருந்து வழிப்பறி செய்யும். திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கி ஆழத்தில் மீன் பிடிக்கும் உடம்பு இதற்கு இல்லை. மேற்பரப்பில் கிடைப்பதுதான் கிடைக்கும், மிச்சத்தைப் பிறர் கையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அப்படி மேற்பரப்பில் கிடைப்பது என்னென்ன? வசந்தத்தில் கூனியைப் போன்ற கிரில் கூட்டம். மணலில் புதைந்து வாழும் விரல் பருமன் ஈட்டி மீன்கள். நெத்தி, சாளை. கணவாயின் கழிவு. பெரிய மீன்கள் கீழிருந்து விரட்ட, பொடி மீன் மேலே கொதிக்கும்போது கடற்காகம் மேலிருந்து விழும். மீனவர்கள் பார்ப்பதும் அதைத்தான்.

"பறவை விழுந்தா மீன் கெடக்குன்னு எங்கப்பா கண்ணை மூடிட்டு வண்டியத் திருப்புவாரு" என்றான் தம்பி. எங்கள் பக்கம் அது பெரும்பாலும் ஆலாவாக இருக்கும். இங்கே கடற்காகம். தெய்வத்தின் தூதன் என்ற பட்டம் எங்கிருந்து வந்தது என்று இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

சந்தையிலும் துறையிலும் மனிதர் சிந்துவதைத் தின்றே கொழுக்கின்றன என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. கூடு வைக்கும் காலத்தைக் கடல்தான் முடிவுசெய்கிறது. பிப்ரவரிக் கடைசியில் வந்து இடம் பிடிக்கின்றன, ஆனால் முட்டை ஏப்ரல் பின்பாதியில்தான். நடுவில் என்ன நடக்கிறது என்றால் ஆண் ஊட்டுகிறது. பெண் குனிந்து, குஞ்சைப்போலத் தலையை மேலே வெட்டி வெட்டிக் கெஞ்சும். ஆண் தின்று வந்ததைக் கக்கிக் கொடுக்கும். பார்க்கக் காதல் விளையாட்டு என்று தோன்றும், ஆனால் முட்டை கட்டுவதற்கான சத்து அப்படித்தான் சேர்கிறது. எத்தனை தடவை வயிற்றை நிரப்பிக்கொண்டு வருகிறான் என்பதைப் பார்த்துத்தான் இவனோடு மூன்று குஞ்சு வளர்க்க முடியுமா என்று பெண்ணுக்குத் தெரியும். ஏப்ரலில் ஊட்டிய அதே தொண்டை ஜூனில் குஞ்சுக்கு ஊட்டுகிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. துறைச் சுவரில் உட்கார்ந்திருந்த ஒன்றின் மூக்குத் துளையிலிருந்து நீர் வடிந்து அலகு நுனியில் சொட்டியது. அவ்வப்போது தலையை உதறியது. சளி இல்லை, உப்பு. கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பி ரத்தத்தில் அதிகமான உப்பை வடித்து மூக்கு வழியாக வெளியேற்றுகிறது. அதனால்தான் கடல்நீரையே குடித்துக்கொண்டு காலம் தள்ள முடிகிறது.

ஹச்சினோஹேயில் கணவாய் வரத்து குறைந்துவிட்டது என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த வருத்தம். விலையைப் பார்த்தாலே தெரிகிறது.

திங்கள்

காலையில் ஜன்னலைத் திறந்தால் ஊரே காணோம். யமாசே. கோடைத் தொடக்கத்தில் வடகிழக்கிலிருந்து குளிர்ந்த கடல்மேல் வரும் ஈரக் காற்று. மூடுபனியும் தூறலுமாக நாள்கணக்கில் நிற்கும். முன்காலத்தில் இந்தப் பக்கத்து நெல்லைக் கருக்கிப் பஞ்சம் கொண்டுவந்த காற்று இதுதான்.

தனேசாஷி கடற்கரை வரை நடப்பதாகத் திட்டம். 2011-க்குப் பிறகு இந்தக் கரையோரம் நெடுக ஃபுகுஷிமா மாகாணம் வரை சுமார் 1,000 கிலோமீட்டர் நடைபாதை அமைத்திருக்கிறார்கள், அதன் வடக்கு முனை கபுஷிமா. அஷிகேசாக்கி மேடு வரை போனோம், கடல் இருக்கிறது என்று சத்தத்தை வைத்து நம்பிக்கொண்டு திரும்பினோம்.

வழியில் மறுபடி குன்று. நேற்று முன்தினம் உட்கார்ந்த அதே கூட்டைத் தேடிப் போனோம். குஞ்சுகள் காணவில்லை என்று நினைத்தேன், அடுத்த நொடி பறவையின் வயிற்றுக்கடியிலிருந்து ஒரு கால் வெளியே நீட்டியது. மூன்றையும் அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. குஞ்சின் பஞ்சு இறகு நனைந்தால் சூடு நிற்காது. மழை நாளில் ஒருவர் கண்டிப்பாக வீட்டில் இருக்க வேண்டும், அப்படியானால் இரைக்குப் போவது ஒருவர்தான். யமாசே நீண்டால் குளிரும் பசியும் சேர்ந்து வரும். பெரிய குஞ்சு வெளியே வந்து அலகைக் கொத்தியது. கக்க எதுவும் இல்லை போலிருக்கிறது, அது திரும்பி உள்ளே போய்விட்டது. ஜோடி திரும்பி வருவதற்குள் எங்கள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

இந்தக் குஞ்சுகள் பறக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும். மொத்தத்தில் 40 நாள் கணக்கு. பறக்கத் தொடங்கும்போது உடம்பு முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம், வெள்ளையும் சாம்பலும் வர நான்கு வருஷம். அதுவரை முட்டையும் கிடையாது. அவசரப்படாத பறவை, 20 வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது, அதனால் ஒரு வருஷம் எல்லாக் குஞ்சும் போனாலும் அடுத்த வருஷம் அதே இடத்துக்கு, பெரும்பாலும் அதே துணையோடு வந்துவிடும்.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச்சில் போனால் இடச் சண்டையும் காதலும். மே முதல் பாதியில் குன்று முழுக்கக் கடுகுப்பூ மஞ்சள், நடுவில் அடைகாக்கும் பறவைகள், படத்துக்கு அதுதான் நேரம். கூட்டமும் அப்போதுதான். குஞ்சு பார்க்க ஜூன். ஜூலையில் பறக்கப் பழகும் கூத்து. ஆகஸ்ட் பிறந்ததும் கிளம்ப ஆரம்பித்துவிடும், அதற்கப்புறம் வெறும் குன்றும் கோயிலும்தான். வேலிக்குள் கை நீட்டாதீர்கள், குஞ்சு பயந்து ஓடினால் போய்ச் சேருவது பக்கத்து வீட்டில். குடை அங்கேயே கிடைக்கும். தம்பி இரண்டாவது சான்றிதழ் கேட்டுப் பார்த்தான், சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள்.